ரத்தம் பீறிட ஒருவர் வாசலுக்கு வருமுன்: மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அவசர சிகிச்சைப் பிரிவு நடத்தும் மருத்துவமனைகளின் இயக்குநர்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

கழுத்திலோ மார்பின் மேல்பகுதியிலோ பெரிய ரத்தக்குழாய் கிழிந்து வருகிறவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்வது என் தொழில். கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, உடைந்த கண்ணாடி, வாகன விபத்து என்று காரணம் எதுவாகவும் இருக்கும். உங்களிடம் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ கேட்டு இதை எழுதவில்லை. நோயாளி வந்து சேர்ந்த பிறகு ஆளுக்கொரு போனில் பேசிப் பேசி எடுக்கும் முடிவுகளை, அவர் வருமுன்பே எடுத்து, எழுதி, காஷுவால்டி சுவரில் ஒட்டிவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இந்தக் காயங்களில் பலர் சம்பவ இடத்திலேயே இறந்துபோகிறார்கள். மோதிய வேகத்தில் மார்புப் பெருந்தமனி கிழிந்தவர்களைப் பற்றி பார்ம்லியும் சகாக்களும் 1958-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் உடனடியாகவே இறந்திருந்தார்கள். அந்தச் சாவுகளைக் குறைப்பது சாலை, வேகம், சீட் பெல்ட் பற்றிய பேச்சு; அது வேறு. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. உடனே இறக்காமல் தப்பியவர்களில், சிகிச்சை கிடைக்காத நிலையில், சுமார் 30 சதவீதம் பேர் முதல் 6 மணி நேரத்தில் போய்விட்டார்கள். 24 மணி நேரம் முடிவதற்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இல்லை. இந்த இரண்டாவது கணக்குக்குப் பொறுப்பு நீங்களும் நானும்.

முதல் சில நிமிடங்களில் வேலை செய்வது விரல்தான். 1989 மார்ச்சில், ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் நடுவே, கோல் கீப்பர் கிளின்ட் மலார்ச்சுக்கின் கழுத்துச் சிரையை இன்னொரு வீரரின் ஸ்கேட் பிளேடு அறுத்துவிட்டது. அணியின் பயிற்சி உதவியாளர் ஜிம் பிஸ்ஸுடெல்லி முன்னாள் ராணுவ மருத்துவ உதவியாளர். ஓடிவந்து காயத்துக்குள் விரலை விட்டு, அறுந்த சிரையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை பிடி விடவில்லை, மலார்ச்சுக் பிழைத்தார். அந்த இடத்தில் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தால் ஆள் போயிருப்பார். கை காலுக்குப் போடும் இறுக்குப் பட்டையைக் கழுத்தில் போட முடியாது. துணிக்கட்டு மேலே நனைந்துகொண்டிருக்கும், உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டையின் மேல் நேராக ஒரு விரல், அவ்வளவுதான் தேவை. வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் முதல் இரவுப் பணி நர்ஸ் வரை எல்லோருக்கும் இதைச் சொல்லித்தர அரை நாள் போதும்.

விரல் எட்டாத காயங்களும் உண்டு. கழுத்தடியில் தோளை நோக்கிப் போகும் காறை எலும்புக்குப் பின்னால், தாடைக்கு அடியில் என்று ஆழமாக, குறுகலாகப் போகும் கத்திக்குத்துகள். அதற்கு எல்லா வார்டிலும் கிடக்கும் ஒரு சாதனம் போதும்: சிறுநீர் கழிக்கப் போடும், நுனியில் பலூன் உள்ள ஃபோலி கதீட்டர் குழாய். கத்தி போன தடத்திலேயே நுனியை மெதுவாக உள்ளே செலுத்தி, ரத்தம் நிற்கும்வரை பலூனில் சலைன் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் 5 முதல் 10 மில்லி போதும், சில காயங்களுக்கு இன்னும் கொஞ்சம். பிறகு, கதீட்டர் குழாய் வழியாகவே ரத்தம் வெளியேறாதபடி அதைக் கிளிப் போட்டு மடக்கி, பலூன் நழுவாமல் இருக்கக் காயத்தின் வாயைச் சுற்றித் தோலைத் தைத்துவிட வேண்டும். கொட்டிக்கொண்டிருந்த ரத்தம் பலருக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. கேப் டவுன் மருத்துவர்கள் 2006-இல் இதைப் பற்றி எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பலர் கையாள்கிறார்கள். விலையைப் பற்றிக் கவலைப்படும் நிர்வாகிகளுக்கு இதைவிட நல்ல செய்தி என்னால் தர முடியாது.

செய்யக் கூடாதவையும் அந்தச் சுவர்த்தாளில் இருக்கட்டும். குத்திய கத்தி உடம்பிலேயே நின்றால் யாரும் பிடுங்கக் கூடாது. அதை எடுக்கும் இடம் ஆபரேஷன் தியேட்டர். ரத்தம் நின்றிருக்கும் காயத்துக்குள் ஆழம் பார்க்கக் கருவி விடக் கூடாது. அடைத்துக்கொண்டிருந்த ரத்தக்கட்டு பெயர்ந்து வந்தால் பார்த்தவரே அலறுவார். அடிபட்ட பக்கத்துக் கையில் ட்ரிப்ஸ் போட்டால், மேலே சிரை கிழிந்திருந்தால், ஏற்றுவதெல்லாம் மார்புக்குள் கொட்டும். கழுத்துச் சிரை திறந்திருந்தால் அது காற்றை உறிஞ்சி இதயத்துக்கு அனுப்பும். ஆகவே தலைப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும்.

கழுத்து அசையாமல் இருக்கப் போடும் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சண்டை போட்டே ஆக வேண்டும். கழுத்தில் காயம் என்றதும் கை தானாகப் பட்டையைத் தேடுகிறது. விபத்தில் மோதி வந்தவருக்கு அது சரி. குத்துப்பட்டு, சுடப்பட்டு வந்தவருக்கு அது நேரத்தைத் தின்னும், வீங்கும் கழுத்தை மறைக்கும், மூச்சுக்குழாய்க்கு டியூப் போடுவதைச் சிரமமாக்கும். இப்படித் துளைக்கும் காயத்தோடு வந்த 45,284 பேரின் பதிவுகளை அமெரிக்காவில் ஹாட்டும் சகாக்களும் அலசி 2010-இல் வெளியிட்டார்கள். முதுகெலும்பை அசையாமல் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களில் 14.7 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அப்படிக் கட்டாதவர்களில் 7.2 சதவீதம். காயத்தின் கடுமையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும் வித்தியாசம் மறையவில்லை. இதற்குப் பிறகும் பழைய படிவத்தில் ‘பட்டை போட்டாச்சா?’ என்ற கட்டம் எல்லா நோயாளிக்கும் பொதுவாக இருக்கிறதென்றால், அந்தப் படிவத்தைத் திருத்தும் அதிகாரம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

அப்புறம் ட்ரிப்ஸ். ரத்த அழுத்தம் குறைந்தால் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஹூஸ்டனில் பிக்கெல் குழு 1994-இல் வெளியிட்ட ஆய்வு, உடற்பகுதியில் குத்தோ குண்டோ பட்டு அழுத்தம் குறைந்து வந்தவர்களைப் பற்றியது. தியேட்டருக்குப் போகும்வரை திரவத்தை நிறுத்தி வைத்தவர்களில் 70 சதவீதம் பேரும், உடனே ஏற்றியவர்களில் 62 சதவீதம் பேரும் பிழைத்தார்கள். அழுத்தம் ஏறினால் ஓட்டை வழியாகப் போவதும் கூடும். உப்புத் தண்ணீர் ரத்தத்தை நீர்க்கச் செய்து, உறையும் திறனையும் கெடுத்துவிடும். தேவைப்படுவது ரத்தம், அதிலும் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் சம அளவில். இந்தச் சம அளவு முறையைச் சோதித்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 30 நாள் கணக்கில் மொத்த இறப்பு தெளிவாக மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 14.6 சதவீதத்திலிருந்து 9.2-ஆகக் குறைந்தார்கள். நான் கவலைப்படுவது அந்த முதல் நாளைப் பற்றித்தான். டிரனெக்ஸாமிக் அமிலம், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் விலை குறைந்த ஊசி. 20,000 பேருக்கு மேல் சேர்த்த கிராஷ்-2 ஆய்வு 2010-இல் அதன் பயனை நிறுவியது. காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாண்டினால் கெடுதல். அது மருந்தகத்தின் பூட்டிய அறையில் இருந்து பயனில்லை, காஷுவால்டி டிராயரில் இருக்கட்டும். அவசரத்தில் எந்த வகை ரத்தக்காரருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் ரத்தமும் அப்படியே: யார் கையெழுத்தும் கேட்காமல் எடுக்கும்படி சில யூனிட் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இப்போது அதிகத் தகராறு நடக்கும் இடத்துக்கு வருகிறேன்: ஸ்கேனா, தியேட்டரா?

கழுத்தை மூன்று மண்டலமாகப் பிரிக்கும் வழக்கம் 1969-இல் தொடங்கி, 1979-இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. காறை எலும்பிலிருந்து குரல்வளையின் அடிவளையம் வரை முதல் மண்டலம், அங்கிருந்து தாடை மூலை வரை இரண்டாவது, அதற்கு மேல் மண்டையோட்டின் அடி வரை மூன்றாவது. அதற்கு முன்பு, 1956-இல், டல்லாஸில் ஃபோகல்மனும் ஸ்டீவர்ட்டும் 100 நோயாளிகளின் கணக்கைக் காட்டினார்கள். கழுத்தை உடனே திறந்து பார்த்தவர்களில் 6 சதவீதம் பேர் இறந்தார்கள், தாமதித்தவர்களில் 35 சதவீதம். அதன் பிறகு பல பத்தாண்டுகள் தோலடித் தசையைத் தாண்டிய கழுத்துக் காயம் எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். திறந்தவற்றில் பாதிக்கும் மேல் உள்ளே ஒன்றும் இருக்காது. ரத்தக்குழாய்களைப் படமெடுத்துக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஸ்கேன் வந்த பிறகு அந்த அவசியம் போய்விட்டது. இன்று நோயாளியின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கிறோம். துடித்துப் பீறிடும் ரத்தம், கண்ணெதிரே பெரிதாகும் வீக்கம், நாடி இல்லாமை, கையில் அதிர்வாகத் தெரியும் ஓட்டம், காயத்தில் காற்றுக் குமிழி, திரவம் ஏற்றியும் ரத்த அழுத்தம் மீளாத நிலை: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே தியேட்டர். ஒன்றும் இல்லை, ஆள் நிதானமாக இருக்கிறார் என்றால் சி.டி.

இது எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. ஆனாலும் ரத்தம் பீறிடும் ஆளை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதை இன்னும் பார்க்கிறேன். ஏனென்று கேட்டால், ‘சர்ஜன் ஸ்கேன் இல்லாமல் வர மாட்டேன் என்றார்’ என்கிறார்கள். சர்ஜனைக் கேட்டால், ‘ரிப்போர்ட் இல்லாமல் தியேட்டர் தர மாட்டேன் என்றார்கள்’ என்கிறார். பணியில் இருக்கும் மூத்த மருத்துவர் ஒருவர் ‘தியேட்டர்’ என்று சொன்னால் தியேட்டர் திறந்தாக வேண்டும், மறுநாள் காலை யார் வேண்டுமானாலும் அவரிடம் கேள்வி கேட்கலாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் இந்த விளையாட்டு நின்றுவிடும். மூச்சுவழியையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். வீங்கும் கழுத்தில் டியூப் போடுவதற்கு அந்த முதல் சில நிமிடங்களைவிட நல்ல நேரம் அப்புறம் வரவே வராது.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று நிர்வாகிகள் பலர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எந்தத் தட்டில் எது இருக்க வேண்டும் என்பது புரிந்திருக்கும். தாடையிலிருந்து முழங்கால் வரை மருந்து பூசித் தயார் செய்கிறோம். காயம் கழுத்தில்தானே, தொடை எதற்கு? கிழிந்த தமனிக்கு ஒட்டுப் போடவோ துண்டு மாற்றவோ அங்கிருந்து சிரை எடுக்க வேண்டும். பெரிய ரத்தக்குழாய் வேலையில் முதல் விதி, காயத்துக்கு முன்னும் பின்னும் குழாயைப் பிடித்துக்கொள்ளாமல் காயத்தைத் திறக்காதே என்பது. கழுத்தின் அடியில் இருக்கும் காயத்துக்கு அந்த ‘முன்’ மார்புக்குள் இருக்கிறது. ஆகவே கழுத்துக் காயத்துக்கு மார்பைத் திறக்கிறோம். காறை எலும்புக்கு அடியில் கைக்குப் போகும் வலது காறையடித் தமனியின் தொடக்கத்துக்கு நெஞ்செலும்பை நடுவே பிளந்து போக வேண்டும். இடது பக்கத்தில் அதே தமனி பின்னால் ஆழத்திலிருந்து கிளம்புவதால் நடுவே பிளந்தால் கை எட்டாது. இடது மூன்றாம் விலா இடைவெளி வழியாக உள்ளே போய்ப் பிடிக்கிறோம்.

இதற்கு நெஞ்செலும்பு அறுக்கும் ரம்பம் வேண்டும். ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், அந்த ரம்பம் இதய அறுவைத் தியேட்டரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி பகல் பணி நர்ஸிடம். இரவு 2 மணிக்கு அந்த அலமாரியை உடைத்துத்தான் எடுத்தோம். மறுநாள் என்னிடம் கேட்ட விளக்கம் அலமாரிக் கதவைப் பற்றி.

கழுத்துத் தமனியைக் கட்டிவிடலாமா, தைத்துச் சரிசெய்வதா என்பது பழைய கேள்வி. 1552-இல் ஆம்ப்ரோஸ் பாரே ஒரு போர்வீரரின் கழுத்துத் தமனியைக் கட்டிக் காப்பாற்றியதாகப் பதிவு இருக்கிறது. வீரர் பிழைத்தார், ஆனால் பேச்சுப் போனது, ஒரு பக்கம் விழுந்தது. இன்று, ஆழ்ந்த மயக்கத்தில் நீண்ட நேரம் கிடந்தவரைத் தவிர மற்றவர்களுக்குச் சரிசெய்வதே நல்லது என்பது பொதுவான கருத்து. ஒரு பக்கக் கழுத்துச் சிரையைக் கட்டிவிட்டால் பெரும்பாலும் பாதகமில்லை. கழுத்தெலும்புத் துளைகளுக்குள் ஓடும் முதுகெலும்புத் தமனியைத் தேடிப் போவது பெரிய தலைவலி. கதீட்டர் வழியாக உள்ளிருந்தே அடைப்பவர் இருந்தால் அவரை எழுப்புங்கள்.

தைக்கும் வித்தை புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1894-இல் பிரெஞ்சு ஜனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரில் குத்துப்பட்டு இறந்தபோது, வயிற்றில் அறுந்த பெரிய சிரையைத் தைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்தச் சாவு அதே ஊர் இளம் மருத்துவர் அலெக்சிஸ் காரெலை உறுத்தியது. 1902-இல் குழாயோடு குழாய் தைக்கும் முறையை வெளியிட்டார், 1912-இல் நோபல் பரிசு வாங்கினார். நூற்றுச்சொச்சம் வருஷமாக ஊசியும் நூலும் தயார். இன்று பிந்துவது சாவியும் கையெழுத்தும்தான்.

காஷுவால்டியிலேயே மார்பைத் திறப்பது பற்றியும் எழுதி வையுங்கள். அதில் வீரமும் வேண்டாம், பயமும் வேண்டாம். 24 ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வந்த கணக்கில் மொத்தமாகப் பிழைத்தவர்கள் 7.4 சதவீதம். கத்திக்குத்தில் 16.8, துப்பாக்கிச் சூட்டில் 4.3, மோதல் காயத்தில் 1.4. குத்துப்பட்டு, கண்முன் நாடி நின்றவருக்குத் தயங்காமல் திறக்க வேண்டும். மோதலில் அடிபட்டு, வெகுநேரம் முன்பே இதயம் நின்று வந்தவருக்குத் திறப்பதில் பயனில்லை. கூடவே ஊழியர்களுக்கு ஊசி குத்தும் ஆபத்தும் உண்டு. யாருக்கு, யாருக்கு இல்லை என்ற முடிவை அந்த நொடியில் ஒரு இளம் மருத்துவரின் தலையில் கட்டாதீர்கள்.

மோதலில் பெருந்தமனி கிழிந்தவர்களுக்குச் சூழல் நன்றாகவே மாறியிருக்கிறது. இடது காறையடித் தமனி கிளம்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே கிழிவதுதான் வழக்கம். முன்பு மார்பைத் திறந்து, கவ்வி போட்டு, தைத்தோம். தண்டுவடத்துக்கு ரத்தம் நின்று, பிழைத்தவர்கள் சிலருக்குக் கால்கள் போயின. 1987-இல் கார்கிவ் நகரில் நிக்கலாய் வலோதஸ் தொடை வழியாக உள்ளே ஸ்டென்ட், அதாவது குழாயை உள்ளிருந்து தாங்கும் உறை, வைத்து இத்தகைய காயத்தைச் சரிசெய்தார். அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வுகளில், 1997-க்கும் 2008-க்கும் இடையே இறப்பு 22 சதவீதத்திலிருந்து 13-ஆகவும், கால் செயலிழப்பு 8.7-இலிருந்து 1.6-ஆகவும் இறங்கியது. ஸ்டென்ட் இல்லாத மருத்துவமனைக்கும் இதில் வேலை இருக்கிறது. அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஊசி மருந்தால் கட்டுக்குள் வைத்தால், கிழிசல் வெடிக்காமல் நேரம் கிடைக்கும். வயிற்றிலும் ரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதைக் கவனித்து, பிறகு ஸ்டென்ட் வைக்கும் இடத்துக்கு நிதானமாக அனுப்பலாம். உள்ளுறையில் மட்டும் சிறு கீறல் என்றால் அறுவையே தேவைப்படாது.

கழுத்துத் தமனியின் உள்ளுறை மோதலில் கிழிவது மட்டும் சத்தமில்லாமல் ஏமாற்றும். முதல் சில மணி நேரம் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பக்கவாதம் வரும். கழுத்தெலும்பு முறிவு, மண்டையோட்டின் அடி முறிவு, முகத்தின் நடு எலும்புகள் நொறுங்கியது, கழுத்தில் தூக்குக் கயிற்றுத் தடம் என்று எது இருந்தாலும் கழுத்தையும் சேர்த்து சி.டி. ஆஞ்சியோ எடுங்கள். கண்டுபிடித்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரினோ ஆஸ்பிரினோ போதும் பலருக்கு.

கடைசியாக, உயிர்பிழைத்தவர்களை எண்ணும் முறை. உங்கள் ஆண்டறிக்கையில் ‘குணமாகி வீடு சென்றார்’ என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அதற்குள் குரல் நரம்பு போய் கரகரத்த குரலில் பேசுகிறவர், தோள் நரம்புக் கொத்து அறுந்து கையைத் தூக்க முடியாதவர், ஒரு பக்கம் இழுத்து நடப்பவர் எல்லோரும் அடக்கம். மலார்ச்சுக் சில நாட்களிலேயே ஆட்டத்துக்குத் திரும்பினார், பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பின்னால் பல ஆண்டுகள் அந்தச் சம்பவத்தின் மன உளைச்சலோடு போராடியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இவர்களை 3 மாதம், 1 வருஷம் கழித்துக் கூப்பிட்டுப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், மனநல மருத்துவர் மூவரும் அதே நாளில் அதே இடத்தில் இருந்தால் வருகிறவர்கள் வருவார்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களில் பலர் இளைஞர்கள். அது உள்ளே 40, 50 வருஷம் இருக்க வேண்டியது. வயதோடு பெருந்தமனி விரியும், ஸ்டென்ட் விரியாது. டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட்டின் அளவு, வைத்த இடம், இடது கைத் தமனியின் வாய் மூடப்பட்டதா, ஆஸ்பிரின் எத்தனை மாதம், அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில் என்ற ஐந்தையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதச் சொல்லுங்கள். மாதிரித் தாள் ஒன்றும், காஷுவால்டி சுவருக்கான ஒரு பக்கமும் எழுதித் தர நான் தயார். உங்கள் ரத்த வங்கி, மயக்கவியல், தியேட்டர் பொறுப்பாளர்கள் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஒருவர்